மைனஸ் 30 குளிர்ல பூச்சியெல்லாம் எப்படிப் பொழைச்சுக் கெடக்கு?

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருத்தர், இப்ப கனடாவுல வின்னிபெக்ல வேலையா இருக்காரு, கேட்டிருந்தாரு: "அண்ணாச்சி, இங்க ஜனவரியில மைனஸ் 30, சில நாள் அதுக்கும் கீழ போகுது, மரம் மட்டையெல்லாம் வெறைச்சு நிக்கி, ஆனா ஏப்ரல் மே வந்தா ஈ, கொசு, வண்ணத்துப்பூச்சின்னு எல்லாம் கெளம்பி வந்துருது. அம்புட்டு நாளும் இதெல்லாம் எங்க இருந்துச்சு? நம்ம ஊர்ப் பூச்சிய இங்க கொண்டாந்து விட்டா பொழைக்குமா? நம்ம ஊர்லயும் பூச்சிக்கு இப்படி ஒரு கஷ்டகாலம் உண்டா? அப்புறம், வீட்டுக்குப் பின்னாடி ஒரு குச்சியில பழுப்புக் கலர்ல வெரல் நீளத்துக்கு ஒரு கூடு ஒட்டியிருக்கு, பாப்பா அதை வீட்டுக்குள்ள சூடா கொண்டாந்து வைக்கணும்னு அடம் பிடிக்கா, வைக்கலாமா?"

கடைசிக் கேள்விதான் அவசரம், அதை மொதல்ல சொல்லிருதேன். உள்ள கொண்டுபோகாதீங்க தம்பி. இருக்க எடத்துலயே இருக்கட்டும், குச்சி ஒடிஞ்சு விழுந்துட்டா மட்டும் எடுத்து ஹீட்டர் போடாத ஷெட்ல வைங்க. அதுக்கு இந்தக் குளிர் வேணும்னு பாப்பாகிட்ட சொல்லுங்க, சமாதானத்துக்குச் சொல்லுத வார்த்தை இல்ல, நெசமாவே வேணும், ஏன்னு பின்னால வருது.

இனி விஷயத்துக்கு வாரேன். பூச்சிக்கு உடம்புச்சூட்டைத் தானே உண்டாக்கி வச்சிக்கிடுற சக்தி பெரும்பாலும் கெடையாது, வெளிய என்னவோ அதான் உள்ளயும். அப்ப வெளிய மைனஸ் 30ன்னா பூச்சிக்குள்ளயும் மைனஸ் 30தான், குச்சியில தொங்குற கூட்டுக்கு அது உண்மை. ஆனா தரையில கெடக்குற பூச்சிக்கு அப்படி இல்ல. ஒரு முழம் பனி மூடிக் கெடக்குல்லா, அந்தப் பனிக்குள்ள இருக்குறது முக்காவாசி காத்து, அது வழியா சூடு சுளுவா வெளிய போகாது, அதனால மேல மைனஸ் 30 அடிக்கும்போது அடியில மண்ணு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல, மிஞ்சிப்போனா நாலஞ்சு டிகிரி கீழ, அம்புட்டுதான். எங்க போய்க் கெடக்குங்கறதுலயே பாதிப் பொழப்பு முடிஞ்சிருது. உங்க ஊர் கொசுவுல ஏடிஸ் வெக்சான்ஸ்னு ஒண்ணு, மழைத்தண்ணி தேங்குற பள்ளத்து மண்ணுல முட்டையா கெடக்கும், பனி உருகித் தண்ணி நின்னு மண்ணு கொஞ்சம் சூடானதும் பொரிக்கும். கியூலக்ஸ் டார்சாலிஸ்னு இன்னொண்ணு, அதுல ஆண் எல்லாம் செத்துரும், சினைப்பட்ட பொம்பளைக் கொசு மட்டும் எலி வளை, பொந்துன்னு போய் அடங்கிக் கெடக்கும். வசந்தத்துல ஜன்னல்ல மந்தமா வந்து முட்டுற பெரிய ஈ இருக்கே, அது பொதுவா உங்க வீட்டு மச்சுக்குள்ளயேதான் கூட்டமா கெடந்திருக்கும். பனி முழுசா உருகும் முன்னாலேயே பறக்குற கருப்பு வண்ணத்துப்பூச்சி, றெக்கை ஓரம் மஞ்சளா இருக்கும், 'மோர்னிங் க்ளோக்'னு சொல்லுவாவ, அது வண்ணத்துப்பூச்சியாவே மரப்பட்டை இடுக்குல ஆறு மாசம் ஒட்டிக்கிட்டு இருந்துட்டு வருது. ஆக ஒண்ணு முட்டையா, ஒண்ணு புழுவா, ஒண்ணு கூட்டுப்புழுவா, ஒண்ணு வளந்த பூச்சியா, ஒவ்வொரு சாதிக்கும் எந்தப் பருவத்துல குளிரைக் கடக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, அந்தப் பருவத்தைத் தவிர மத்த பருவத்துல மாட்டிக்கிட்டா அதே பூச்சி செத்துரும்.

இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும், நெறைய பேரு ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிடுதாவ. குளிர் வேற, ஐஸ் வேற. நம்ம ஊர்ப் பூச்சி ஐஸ் வரைக்கும் போறதுக்கு முந்தியே குளிர்லயே செத்துரும். பாளையங்கோட்டையில மார்கழி விடியக்காலம் 21, 22 டிகிரி, 20க்குக் கீழ எறங்குனாலே சனம் 'என்னா குளிரு'ன்னு மப்ளர் சுத்திக்கிடும். அந்தச் சூட்டுல தலைமுறை தலைமுறையா வாழ்ந்த பூச்சிய 5, 10 டிகிரிக்குக் கொண்டுபோனா நெறைய சாதி அப்படியே காலை மடக்கிட்டு விழுந்துரும். ஐஸ் ஒரு சொட்டு கூட உண்டாயிருக்காது. என்ன நடக்குன்னா, செல்லுக்கு உள்ள பொட்டாசியம் நெறைய, வெளிய கம்மி, அந்த ஏத்த எறக்கத்தை வச்சுத்தான் தசையும் நரம்பும் வேலை செய்யுது, அதைச் சமாளிக்கறதுக்கு உடம்பு ஓயாம உப்பை ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கணும். குளிர்ல அந்தத் தள்ளுற வேலை மந்தமாயிரும், குடல்லயும் கழிவுக் குழாய்லயும் உப்புத்தண்ணிக் கணக்கு தப்பிரும், பூச்சியோட ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், தசை அசையாது. உடனே சூட்டுக்குக் கொண்டுவந்தா சில நேரம் எழும்பிரும், ரொம்ப நேரம் விட்டா செல்லே கெட்டு எழும்பாது. இதனாலதான் உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் பொழைக்காது, அதுவும் ஜனவரியில விட்டா சில நிமிஷம் தாங்குறதே பெருசு. நம்ம வீட்டு அரிசி வண்டையே பாருங்க, ஃப்ரீசர்ல மைனஸ் 18ல நாலஞ்சு நாள் அரிசிய வச்சா வண்டு, புழு, முட்டை எல்லாம் முடிஞ்சிரும், ஊர்ல இருந்து அரிசி, பயறு கொண்டுபோனீங்கன்னா இதைச் செஞ்சுக்கிடலாம், மருந்தெல்லாம் வேண்டாம்.

இதுல ஆச்சரியமான ஒரு சங்கதி உண்டு. 1987ல அமெரிக்காவுல லீ, சென், டென்லிங்கர்னு மூணு பேரு ஒரு மாமிச ஈய வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. 25 டிகிரியில இருந்த ஈய நேரா மைனஸ் 10ல ரெண்டு மணி நேரம் வச்சா செத்துருது. அதே ஈய மொதல்ல பூஜ்ஜியம் டிகிரியில ஒரு ரெண்டு மணி நேரம் வச்சுட்டுப் பொறவு மைனஸ் 10க்குக் கொண்டுபோனா நெறைய பொழைச்சுக்கிட்டு. ரெண்டு மணி நேரத்துல உடம்பு தன்னை மாத்திக்கிட்டு! இந்த மாதிரி சட்டுன்னு பழகிக்கிடுற குணம் வெப்ப நாட்டுப் பூச்சி சிலதுலயும் இருக்கு, ஆனா அதோட எல்லை சின்னது, ஒரு ராத்திரிக் குளிரைத் தாண்டலாம், வின்னிபெக் ஜனவரிய தாண்ட முடியாது.

இனி ஐஸ். தண்ணி உறையும்போது ஊசி ஊசியா படிகம் வளந்து செல்லைக் கிழிச்சிரும், அதான் ஆபத்து. இதுக்குப் பூச்சிங்க ரெண்டு நேர் எதிரான வழி வச்சிருக்கு.

மொதல் வழி, எம்புட்டுக் குளிர் வந்தாலும் உறையாமலே இருக்குறது. தண்ணி 0 டிகிரியில உறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், ஆனா சுத்தமான சின்னத் துளித் தண்ணி, அதுல ஒட்டிப் படிகம் ஆரம்பிக்க ஒரு தூசியும் இல்லைன்னா, மைனஸ் 38, 40 வரைக்கும் தண்ணியாவே இருக்கும். பூச்சியோட உடம்பே சின்னத் துளிதான, அது இந்த ஓட்டையப் பயன்படுத்திக்கிடுது. குளிர்காலத்துக்கு முந்தி சாப்பாட்டை நிறுத்திக் குடலைக் காலி பண்ணிரும், ஏன்னா குடல்ல கெடக்குற சோத்துத் துணுக்கும் பாக்டீரியாவும்தான் ஐஸ் ஆரம்பிக்கறதுக்குத் தோதான எடம். மேல்தோல்ல மெழுகை ஏத்திக்கிடும், நனையாத காஞ்ச எடமாப் பாத்துப் படுக்கும், ஏன்னா வெளிய இருக்க ஐஸ் உடம்பைத் தொட்டு உள்ள எறங்கிட்டாலும் கதை முடிஞ்சுது. அப்புறம் கொழுப்புத் திசுவுல சேத்து வச்ச கிளைக்கோஜன்ங்கற மாவுச்சத்தை எடுத்துக் கிளிசரால், சார்பிடால் இப்படிச் சர்க்கரைக்குச் சொந்தக்காரப் பொருளா மாத்தி ரத்தத்துல கலந்துவிட்டுரும். கருப்பட்டிப் பாகை ஃப்ரீசர்ல வச்சுப் பாத்திருப்பீங்க, தண்ணி கல்லா உறைஞ்சு கெடக்கும், பக்கத்துல பாகு கரண்டி எறங்குற பதத்துலயே இருக்கும், அதே தத்துவம். உங்க நாட்டுலயே, லெத்பிரிட்ஜ்ல ஆர்.டபிள்யூ. சால்ட்னு ஒரு விஞ்ஞானி இதுலயே காலத்தைச் செலவழிச்சாரு. கோதுமைத் தாள்ல இருக்க ஒரு புழுவைத் தின்னு வாழுற குளவிப் புழு ஒண்ணு, அதோட உடம்பு எடையில ஏறக்குறைய கால்வாசி குளிர்காலத்துல கிளிசராலா இருக்குன்னும், அது மைனஸ் 47 வரைக்கும் உறையாம இருக்குன்னும் 1959ல எழுதுனாரு. கால்வாசி உடம்பு கிளிசரால்! அதுக்கு மேல, சில வண்டுங்ககிட்ட ஒரு புரதமும் உண்டு, அது தப்பித்தவறி உண்டான குட்டி ஐஸ் படிகத்தைச் சுத்தி ஒட்டிக்கிட்டு மேல வளர விடாது.

ரெண்டாவது வழி இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது. உறைஞ்சுதான் ஆகணும்னா, நானே நேரம் பாத்து உறையுதேன்னு போற வழி. இந்தப் பூச்சிங்க ரத்தத்துல ஐஸ் சீக்கிரம் உண்டாகறதுக்குன்னே ஒரு புரதத்தை வச்சிருக்கும். கேக்கும்போது தலைகீழாத் தெரியும், ஆனா கணக்கு சரி: மைனஸ் 30 வரைக்கும் உறையாம இருந்துட்டு திடீர்னு உறைஞ்சா ஒரே நொடியில உடம்பு பூரா ஐஸ் பரவி செல்லுக்குள்ளயும் புகுந்துரும், மைனஸ் 7, 8லயே செல்லுக்கு வெளிய இருக்க நீர்ல ஐஸ் ஆரம்பிச்சா அது மெதுவா, மணிக்கணக்குல வளரும், வளர வளர செல்லுக்குள்ள இருக்க தண்ணிய வெளிய இழுக்கும், உள்ள மிச்சம் இருக்கறது கெட்டியான கிளிசரால் சாறு, அது உறையாது. அப்படி உடம்புத் தண்ணியில பாதிக்கு மேல ஐஸா, இதயம் நின்னு, மூச்சு நின்னு, தொட்டா கல்லு. ஏப்ரல்ல உருகினா மறுபடி இதயம் துடிக்க ஆரம்பிக்குது.

இந்த ரெண்டு வழியையும் ஒரே செடியில பாக்கலாம் தம்பி, அதுவும் உங்க ஊர்லயே. ரோட்டோரம் கோல்டன்ராட்னு மஞ்சப் பூப்பூக்குற செடி காஞ்சு நிக்கும், அதுல சில தண்டு நடுவுல நெல்லிக்காய் பருமனுக்கு உருண்டையா வீங்கி இருக்கும், அதுக்குள்ள ஒரு ஈயோட புழு இருக்கு, அது உறைஞ்சு பொழைக்குற சாதி, மைனஸ் 40 ஆனாலும் பயமில்ல. இன்னொரு தண்டுல வீக்கம் உருண்டையா இல்லாம நீளமா கதிர் மாதிரி இருந்தா அதுக்குள்ள ஒரு அந்துப்பூச்சியோட புழு, அது உறையாமலே இருக்குற சாதி, மைனஸ் 38 வரைக்கும் நீராவே நிக்கும். ஒரே செடி, ஒரே காத்து, ஒரே குளிர், ஆனா ஒண்ணுக்கொண்ணு எதிரான தீர்வு. எது ஒசத்தின்னு கேட்டா பதில் கெடையாது, ரெண்டுமே லட்சக்கணக்கான வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, உருண்டையை நறுக்கிப் பாத்தா வெள்ளையாக் குண்டா ஒரு புழு கெடக்கும்.

உச்சம் எதுன்னா அலாஸ்காவுல மரப்பட்டைக்கு அடியில வாழுற தட்டையான செவப்பு வண்டு ஒண்ணு, குக்குஜஸ்னு பேரு. அதோட புழு குளிர்காலத்துல உடம்புத் தண்ணிய வத்த வச்சு, கிளிசராலும் புரதமும் ஏத்தி, ஆய்வுக்கூடத்துல மைனஸ் 100 டிகிரி வரைக்கும் கொண்டுபோயும் சிலது பொழைச்சிருக்கு, உள்ள இருக்கறது ஐஸா ஆகாம அப்படியே இறுகி கண்ணாடிப் பதத்துக்குப் போயிருது. அலாஸ்காவுலயே உப்பிஸ்னு இன்னொரு கருப்பு வண்டு உறைஞ்சு மைனஸ் 60ஐத் தாங்குது, அதுல இருந்துதான் 2009ல புரதமே இல்லாத, சர்க்கரையும் கொழுப்பும் சேந்த ஒரு ஐஸ் தடுப்புப் பொருளைக் கண்டுபிடிச்சாங்க.

இதைக் கேட்டதும் அப்ப அண்டார்டிகாவுல இருக்க பூச்சி இன்னும் பலசாலியா இருக்கும்னு தோணும். இல்ல. பெல்ஜிகா அண்டார்டிகான்னு றெக்கை இல்லாத ஒரு குட்டிப் பூச்சி, அரை சென்டிமீட்டர் இருக்கும், அந்தக் கண்டத்துலயே முழுக்கத் தரையில மட்டும் வாழுற பிராணியில அதான் பெருசு, அதோட புழு மைனஸ் 15க்குக் கீழ போனா செத்துரும். ஏன்னா அதுக்கு அதுக்கு மேல தேவைப்படல, கடலோரத்துப் பாசி மண்ணுக்குள்ள, பனிக்கு அடியில, வருஷம் பூரா பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. பூச்சி எந்த நாட்டுல இருக்குங்கறதைவிட எந்த இடுக்குல படுக்குதுங்கறதுதான் கணக்கு. அதே மாதிரி, நியூசிலாந்து மலையில வேட்டான்னு பெரிய வெட்டுக்கிளி இனம், உடம்புத் தண்ணியில 82 சதவீதம் வரைக்கும் ஐஸா ஆனாலும் பொழைக்கும், ஆனா மைனஸ் 10 தான் எல்லை. அங்க குளிர் கொடூரம் இல்ல, ஆனா கோடையிலயும் ஒரு ராத்திரி திடீர்னு உறைபனி விழுந்துரும், குடலைக் காலி பண்ணித் தயாராக நேரம் கெடைக்காது, அதனால வயித்துல சோத்தோட உறைஞ்சு காலையில உருகித் திரும்பவும் மேயப் போற வழிதான் அதுக்குச் சரி.

பனிமேல நடமாடுற ஒரு றெக்கையில்லாத ஈயும் உண்டு, கியோனியான்னு சொல்லுவாவ, அதோட காலு நுனியில ஐஸ் ஏற ஆரம்பிச்சா அது உடம்புக்கு எறங்கும் முன்ன அந்தக் காலையே சட்டுன்னு கழட்டி விட்டுரும்னு 2023ல எழுதியிருக்காங்க. மூணு நாலு காலோட மீதி நாளை ஓட்டும்.

இனிதான் முக்கியமான எடத்துக்கு வாரேன், மேல சொன்ன எல்லாமே குளிர் வந்த பொறவு செய்ய முடியாத வேலை. குடலைக் காலி பண்ண, கொழுப்பு சேக்க, கிளிசரால் காய்ச்ச வாரக்கணக்கு வேணும். மொத உறைபனி அன்னைக்கு ஆரம்பிச்சா அன்னைக்கே சாவுதான். அதனால ஆகஸ்ட்ல, வெயில் நல்லா அடிக்கும்போதே பூச்சிக்குத் தகவல் தெரியணும். சூட்டை நம்ப முடியாது, ஒரு வாரம் குளிரும் ஒரு வாரம் சுடும், ஏமாத்தாதது பகல் நீளம் ஒண்ணுதான். வின்னிபெக்ல ஜூன்ல பகல் 16 மணி நேரத்துக்கு மேல, டிசம்பர்ல 8 மணி நேரம். நம்ம திருநெல்வேலியில கூடுனாலும் கொறைஞ்சாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். உங்க ஊர்ப் பூச்சி பகல் இத்தனை மணிக்குக் கீழ போனா வளர்ச்சிய நிறுத்துன்னு ஒரு கணக்கைப் பொறப்புலயே வச்சிருக்கு, அப்படி நிறுத்திக் கெடக்குற நிலைய டயபாஸ்னு சொல்லுதோம். அது குளிர்ல மயங்கிக் கெடக்குறது இல்ல, தெளிவா முடிவு பண்ணிப் படுக்குறது, நடுவுல ஒரு வாரம் நல்லாச் சூடானாலும் எழும்பாது.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சாட்சி நம்ம வீட்டுப் பின்னாடியே இருக்கு. சிரட்டையிலயும் டயர்லயும் முட்டை போடுற கருப்பு வெள்ளை வரிக்கொசுவுல ரெண்டு சாதி, அதுல ஏடிஸ் அல்போபிக்டஸ்ங்கறது ஆசியாவுல தெக்க இருந்து வடக்க ஜப்பான் வரைக்கும் இருக்கு. ஜப்பான் கொசு பகல் சுருங்குனதும் போடுற முட்டை குளிர்காலம் முடியுற வரைக்கும் பொரிக்காது, முட்டைக்குள்ள புழு முழுசா உருவாகி அப்படியே அசையாம இருக்கும், தாய்தான் பகலை அளந்து பிள்ளைக்குத் தகவல் சொல்லி அனுப்புது. நம்ம பக்கம் மாதிரி வெப்ப நாட்டுல இருக்க அதே சாதிக் கொசுவுக்கு இந்தப் பழக்கம் கெடையாது, தேவையில்ல. 1985ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இந்தக் கொசு குடியேறிட்டுன்னு கண்டுபிடிச்சாங்க, பழைய டயர் ஏத்துமதியில முட்டையா வந்துருக்கு, முட்டை குளிர்ல தூங்குது, அப்ப இது குளிர் நாட்டுச் சரக்கு, ஜப்பான் பக்கம் இருந்து வந்ததுன்னு அந்த ஒரு குணத்தை வச்சே சொன்னாங்க. பொறவு அது ஃபுளோரிடா வரைக்கும் எறங்குனதும், அங்க குளிர் இல்லைங்கறதால, சில வருஷத்துலயே அந்தத் தூங்குற குணம் கொறைஞ்சு போச்சு. உங்க கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்ல தம்பி, ஒரே பூச்சிதான், எந்த வானத்துக்குக் கீழ வளந்துச்சோ அதைப் பொறுத்து அதோட பொழப்பு.

தென்காசி பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளக்குறவங்களுக்கும் இது புதுசு இல்ல. பைவோல்டைன்னு வருஷத்துக்கு ரெண்டு தலைமுறை வார ரகம் வளக்காங்கல்லா, அதோட முட்டை குளிர் நாட்டு வழக்கப்படி போட்ட உடனே தூங்கப் போயிரும், உள்ள இருக்க கிளைக்கோஜனைச் சார்பிடாலா மாத்திக்கிட்டுக் குளிருக்குக் காத்துக் கெடக்கும், நம்ம ஊர்ல அந்தக் குளிர் வரவே வராது. அதனால பட்டுப்புழு முட்டை தயாரிக்குற வித்தகத்துல ஒரு நாள் வயசான முட்டைய 46 டிகிரி சூட்டுல ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல அஞ்சாறு நிமிஷம் முக்கி எடுப்பாங்க, தூக்கத்துக்கே போகாம பத்து நாள்ல பொரிச்சிரும்.

இப்ப உங்க கூட்டுக்கு வாரேன். நீங்க சொல்லுத அளவையும் எடத்தையும் பாத்தா செக்ரோப்பியான்னு ஒரு பெரிய அந்துப்பூச்சியா இருக்க வாய்ப்பு நெறைய. 1940கள்ல ஹார்வர்ட்ல கரோல் வில்லியம்ஸ்னு ஒருத்தர் இதே பூச்சிய வச்சுத்தான் ஒரு அருமையான வேலை செஞ்சாரு. கூட்டுப்புழுவை சூடான அறையிலயே வச்சிருந்தா மாசக்கணக்குல அப்படியே கெடக்கு, குளிர்ல ரெண்டு மூணு மாசம் வச்சுட்டுச் சூட்டுக்குக் கொண்டாந்தா பூச்சியா மாறுது. குளிரு எங்க போய் வேலை செய்யுதுன்னு பாக்க, குளிர்ல வச்சதோட மூளைய எடுத்து, குளிரே படாததுக்குள்ள பொருத்துனாரு, அது எழும்பிப் பூச்சியாச்சு. குளிரை எண்ணுறது மூளைதான், போதுமான குளிர் பட்ட பொறவுதான் அங்க இருந்து எழும்பச் சொல்லி ஹார்மோன் வருது. அதனாலதான் சொன்னேன் அதுக்குக் குளிர் வேணும்னு. ஏற்கனவே டிசம்பர் ஜனவரி வரைக்கும் குளிர் வாங்கிட்ட கூட்டை உள்ள கொண்டுபோனீங்கன்னா இன்னொரு ஆபத்து, பிப்ரவரியிலயே வெளிய வந்துரும். செக்ரோப்பியாவுக்கு வளந்த பொறவு திங்க வாயே கெடையாது, ரெண்டு வாரத்துக்குள்ள ஜோடி சேந்து முட்டை போட்டு முடிக்கணும், வீட்டுக்குள்ள ஜோடிக்கு எங்க போக? வெளிய விட்டா மே கடைசி, ஜூன்ல அதோட சாதி எல்லாம் ஒரே நேரத்துல வரும், அப்ப ஜோடி உண்டு. வெளிய இருக்கும்போது கூட நம்ம கவலைப்பட வேண்டியது கடுங்குளிரைப் பத்தி இல்ல. இதமான குளிர்காலம்தான் இப்ப பல பூச்சிக்குக் கெடுதல் செய்யுது, சூடு கூடக் கூட உடம்பு வேகமா ஓடிக் கொழுப்பை எரிச்சிரும், மூடிக்க பனி இல்லாம மண்ணு நேரா உறைஞ்சிரும். தோட்டத்துல விழுந்த எலையைக் கூட்டி எறியாம மே வரைக்கும் விட்டு வைங்க, அதுக்கு அடியில எத்தனையோ உசுரு கெடக்கு.

படுக்காம ஓடிப்போறதும் உண்டு. மொனார்க் வண்ணத்துப்பூச்சி உங்க மானிடோபா மாகாணத்துல இருந்து மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போகுது, டொரான்டோக்காரர் ஃப்ரெட் உர்க்கார்ட் பல வருஷம் றெக்கையில சீட்டு ஒட்டித் தேடி 1975ல அந்த எடம் தெரிய வந்துச்சு. அதுவும் சூடான எடத்துக்குப் போகல, 3000 மீட்டர் ஒசரத்துல குளுகுளுன்னு இருக்க காட்டுக்குத்தான் போகுது, கொழுப்பு எரியாம இருக்க. 2002 ஜனவரியில அங்க மழை பேஞ்சு நனைஞ்சதும் உறைபனியும் சேந்து வந்து கோடிக்கணக்குல செத்துச்சு, காஞ்சிருந்தா அந்தக் குளிரைத் தாங்கியிருக்கும், ஈரந்தான் ஐஸை உள்ள கொண்டுபோச்சு. தேனீ வேற ரகம், கூட்டமா உருண்டு திரண்டு றெக்கைத் தசையை நடுக்கித் தேனை எரிச்சே சூடு உண்டாக்கிக்கிடும், அதனாலதான் உங்க பக்கம் தேன்பெட்டிய இருட்டான 5 டிகிரி ஷெட்ல அடுக்கி வைக்காங்க.

நம்ம பக்கம் ஐப்பசி மழைக்கு முன்ன ஆகாசம் பூரா பறக்குற தட்டான் இருக்கே, அதுல பெரும்பாலும் பாண்டாலான்னு ஒரு சாதி, மாலத்தீவு வழியா கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகுதுன்னு சார்லஸ் ஆண்டர்சன் 2009ல எழுதுனாரு. அது ஓடுறது மழையத் தேடி, குட்டை வத்துறதுக்குள்ள முட்டைய பொரிச்சு வளந்து அடுத்த மழைக்குப் பறக்கணும். அதே தட்டான் ஜப்பானுக்கும் வருஷா வருஷம் போய்ப் பெருகுது, குளிர்காலம் வந்ததும் தண்ணிக்குள்ள இருக்க குஞ்செல்லாம் செத்துருது, குளிருக்கு அதுகிட்ட ஒரு பதிலும் இல்ல.

நம்ம ஊர்ப் பூச்சிக்குக் கஷ்டகாலம் இல்லையான்னு கேட்டிருந்தீங்கல்லா, உண்டு, மார்கழியில இல்ல, சித்திரை வைகாசியில. மழை நின்னு, கொளம் வத்தி, கரிசல் மண்ணு வெடிச்சுக் கெடக்குற மாசங்கதான் இங்க பூச்சிக்கு ஜனவரி. பாக்க நேர் எதிரா இருந்தாலும் செல்லுக்கு ரெண்டும் ஒரே கஷ்டந்தான். ஐஸ் வளந்தாலும் செல்லுக்குள்ள இருந்து தண்ணி போகுது, வெயில் காஞ்சாலும் தண்ணி போகுது. அண்டார்டிகா பெல்ஜிகா புழு உடம்புத் தண்ணியில 70 சதவீதம் வரைக்கும் போனாலும் தாங்கும், லேசாக் காய வச்சுட்டுக் குளிர்ல வச்சா இன்னும் நல்லாத் தாங்குது. அந்தக் கடைசி எல்லையில நிக்கறது ஒரு வெப்ப நாட்டுப் பூச்சி, நைஜீரியாவுல பாறைக் குழித் தண்ணியில வாழுற பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி. குழி வத்துனா அதோட புழு ட்ரெகலோஸ்ங்கற சர்க்கரைய உடம்பு பூரா நெறைச்சிக்கிட்டு 3 சதவீதம் ஈரத்துக்குக் காஞ்சு போகும், அந்த நிலையில மைனஸ் 270 டிகிரியில வச்சாலும் தண்ணி ஊத்துனா எழும்பிரும்னு ஹின்டன்னு ஒருத்தர் 1960ல காட்டுனாரு. வாழ்நாள்ல ஒரு தடவ கூட உறைபனி பாக்காத பூச்சி, காஞ்சு போறதுக்குச் செஞ்ச ஏற்பாடு குளிருக்கும் ஒத்துப்போச்சு.

இங்க மானாவாரிக் கடலை போடுற எடத்துல சிவப்புக் கம்பளிப்பூச்சின்னு ஒண்ணு வரும், ஒரு காட்டைத் தின்னு முடிச்சுக் கூட்டமா அடுத்த காட்டுக்கு நடந்து போகும். அது உங்க செக்ரோப்பியா செய்யுத வேலையத்தான் செய்யுது, ஆனா வெயிலுக்காக. புழு வளந்ததும் வரப்போரம், மர நெழல்னு மண்ணுக்குள்ள எறங்கிக் கூட்டுப்புழுவா ஒம்பது பத்து மாசம் கெடக்கும், மறுவருஷம் நல்ல மழை ஒண்ணு எறங்குன ராத்திரிகள்ல அந்துப்பூச்சியா மொத்தமா கெளம்பி வரும். அதனாலதான் கோடை உழவு போடச் சொல்லுதோம், பங்குனி சித்திரையில ஒரு மழை கெடைச்சதும் ஆழமா உழுது புரட்டுனா கூட்டுப்புழு மேல வரும், வெயில்ல காயும், மைனாவும் காக்காவும் கொத்திட்டுப் போகும். வரப்பை விட்டுட்டுக் காட்டை மட்டும் உழுதா பாதிதான் பலன், ஏன்னா நெறைய படுத்துக் கெடக்கறது வரப்போரத்துலதான். அதுலயும் தப்பினதுக்கு, மழை பேஞ்ச மொத ரெண்டு மூணு ராத்திரி காட்டுல வெளக்குப்பொறி வச்சா அந்துப்பூச்சி முட்டை போடும் முன்ன வந்து விழும்.